ஃபுட்பால்ல டேக்கிளுக்கு எப்போ கார்டு? ரெஃப்ரி எதைப் பார்க்கிறார்?

[காட்சி: வியாசர்பாடி, முல்லை நகர் மைதானம், சாயங்காலம். ஓடி வந்த வேகத்திலேயே ஒரு ஸ்லைடு டேக்கிள் (சறுக்கி வந்து காலால் பாலைப் பறிக்கும் முயற்சி). இரண்டு பேரும் மண்ணில்.]

குரல்: விசில் அடிச்சதும் முதல்ல கேக்குற சத்தம் இதுதான்: "சார், பாலைத்தான் சார் தட்டினேன்!" நிஜமாவே பாலைத் தட்டியிருப்பார். ஆனாலும் ஃபவுல்தான், ரெட் கார்டு காட்டி வெளியே அனுப்பக்கூடச் செய்யலாம். பாலைத் தொட்டாரான்றதைவிட, கால் எப்படி வந்துச்சுன்றதுதான் முக்கியம்.

ஆட்ட விதிகள்ல 12-வது விதி மூணு படி சொல்லுது. கவனக்குறைவுன்னா ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும்னு யோசிக்காம பாய்ஞ்சா மஞ்சள் கார்டு, அதாவது எச்சரிக்கை. தேவைக்கு மீறின பலத்தோட மோதினாலோ, எதிராளிக்கு அடிபடுற ஆபத்தை உண்டாக்கினாலோ சிவப்பு. வேணும்னே செஞ்சாரான்னு நிரூபிக்கத் தேவையில்ல. அடிபடாம எழுந்துட்டாலும் சிவப்பு சிவப்புதான்.

[காட்சி: கால்கள் மட்டும், மிக அருகில்]

குரல்: மஞ்சளா சிவப்பான்னு முடிவு பண்றதுதான் கஷ்டம். வர்ற காலோட முட்டியைப் பாருங்க. மடங்கின முட்டி மோதலைக் கொஞ்சம் வாங்கிக்கும். விறைப்பா நீட்டின கால்னா, ஓடி வந்த வேகம் மொத்தமும் எதிராளி எலும்புல இறங்கும். அடுத்தது ஸ்டட்ஸ், அதாவது ஷூவோட அடியில இருக்கிற குமிழ்கள். ஷூவோட அடிப்பக்கம் முன்னாடி தெரியுதா? அது பட்ட இடம் பாதமா, கணுக்காலுக்கு மேலயா, முட்டியா? எதிராளி அந்தக் கால்லயே முழு எடையையும் ஊன்றியிருந்தா இன்னும் மோசம். பாதம் நகராது, கணுக்கால்தான் முறுக்கிக்கும். ரெண்டு காலும் தரையை விட்டு எழும்பிடுச்சுன்னா பாய்ஞ்சவரே நினைச்சாலும் நிறுத்த முடியாது. மழை பெய்ஞ்ச மண் கிரவுண்டுல வழுக்கும்னு தெரிஞ்சே பாயுறதும் அவர் பொறுப்புதான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நம்பி ஆடுற பசங்க இருக்கிற ஏரியா இது. கணுக்கால் போச்சுன்னா அதோட போறது ஒரு மேட்ச் மட்டும் இல்ல.

இதெல்லாம் பக்கவாட்டுல நின்னாதான் தெரியும். ஆட்டக்காரர் முதுகுக்குப் பின்னாடி நிக்கிற ரெஃப்ரிக்கு ஸ்டட்ஸ் தெரியாது.

ஸ்லோ மோஷனை நம்பி ரெஃப்ரியைத் திட்டாதீங்க. எங்க பட்டுச்சுன்னு பார்க்க அது உதவும். வேகத்தையும் பலத்தையும் எடைபோட நிஜ வேகத்துலதான் பார்க்கணும், வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவுற வி.ஏ.ஆர். நடைமுறையும் அதுதான்.

[காட்சி: ஸ்ட்ரைக்கர் தனியாக கோலை நோக்கி, பின்னாலிருந்து டிஃபண்டர்]

குரல்: லேசாத் தட்டி விட்டாலும் சிவப்பு வர்ற இடம் ஒண்ணு இருக்கு: உறுதியான கோல் வாய்ப்பைத் தடுக்கிறது. கோல் எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தப் பக்கம் போகுது, பால் அவர் கைவசம் இருந்திருக்குமா, வேற டிஃபண்டர் எங்கே, எத்தனை பேர் – இந்த நாலையும் சேர்த்துப் பார்ப்பாங்க. நல்லா கிளம்பின அட்டாக்கை மட்டும் தடுத்தா மஞ்சள். பெனால்டி பாக்ஸுக்குள்ள பாலுக்கே முயற்சி பண்ணி கோல் வாய்ப்பைத் தடுத்திருந்தா, 2016-ல வந்த மாற்றப்படி பெனால்டியோட மஞ்சள். பிடிச்சு இழுத்தாலோ தள்ளினாலோ அந்தச் சலுகை கிடையாது.

சிவப்புக்குரிய டேக்கிள்னா, கண்ணுக்கு முன்னாடி தெளிவான கோல் வாய்ப்பு இருந்தாலொழிய அட்வான்டேஜ் (விசில் அடிக்காம ஆட்டத்தைத் தொடர விடுறது) கொடுக்கக் கூடாது. கொடுத்தா, பால் அடுத்து ஆட்டத்தை விட்டு வெளியே போனதும் அவரை அனுப்பணும். அதுக்குள்ள அவரே பாலைத் தொட்டாலோ எதிராளியை மறிச்சாலோ, உடனே விசில், சிவப்பு, எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோல் போட முடியாத ஃப்ரீ கிக்).