மாத்திரைக்குப் பின்னால் மிஞ்சும் கழிவு

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்காக சிட்டாகிளிப்டின் சாப்பிடுகிறவர்கள் சிலராவது இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2022-இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, விலை இறங்கியது. அந்த மருந்தைத் தயாரிக்கும் முறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு கிலோ மருந்து செய்தால் 25 முதல் 100 கிலோ வரை, சில சமயம் அதற்கும் மேல், கழிவு மிஞ்சுகிறது என்று 1992-இல் வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் கணக்குக் காட்டினார். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் ஒரு கிலோவுக்கு 100 கிராம்கூட வராது. மருந்துக் கழிவில் பெரும்பங்கு கரைப்பான்கள்.

சிட்டாகிளிப்டின் மூலக்கூறுக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு. மருந்தாக வேண்டியது இரண்டில் ஒன்று மட்டுமே. மெர்க் நிறுவனம் முதலில் ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தை வினையூக்கியாக வைத்து, உயர் அழுத்த ஹைட்ரஜனில் அந்தப் பிம்பத்தைத் தயாரித்தது. அப்புறம் ரோடியத்தின் மிச்சத்தை நீக்க ஒரு வேலை, வேண்டாத பிம்பத்தைக் கழிக்க இன்னொரு வேலை.

இதை ஒரு நொதியால், அதாவது என்சைமால், செய்ய முடியுமா என்று கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பார்த்தார்கள். எடுத்துக்கொண்ட டிரான்ஸ்அமினேஸ் நொதிக்குள் இவ்வளவு பெரிய மூலக்கூறு நுழையவே இல்லை. முதலில் நொதியின் குழிவை அகலப்படுத்தினார்கள். பிறகு மாற்றுவது, சோதிப்பது, நன்றாக வேலை செய்வதைப் பொறுக்கி மறுபடி மாற்றுவது என 11 சுற்றுகள். கடைசியில் 27 இடங்களில் மாறிய நொதி, 99.95 சதவீதத்துக்கும் மேல் சரியான பிம்பத்தையே தந்தது. ரோடியம் போயிற்று, உயர் அழுத்தமும் போயிற்று, மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. 2010-இல் இது வெளியானது. நொதியை இப்படிப் படிப்படியாகத் திருத்தும் வழியைக் காட்டிய பிரான்சிஸ் அர்னால்டுக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் 19 சதவீதத்தோடு நிறைவடைய எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் கரைத்த நொதியைத் திரும்ப எடுப்பது கஷ்டம். பெரும்பாலும் அதுவும் கழிவோடு போகும். பென்சிலின் துறை இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. முன்பு மைனஸ் 40 டிகிரியில், குளோரின் கலந்த கரைப்பானில் பென்சிலின் மூலக்கூறை வெட்டிய ஒரு படியை, இன்று சிறு மணிகளில் ஒட்டவைத்த நொதி தண்ணீரிலேயே செய்கிறது. மணிகளை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அந்த மணிகளை ஒரு மெல்லிய குழாயில் அடைத்து, மூலப்பொருளை அதன் வழியே ஓடவிட்டால்? மெல்லிய பாதைகளுக்குள் வினையை நடத்தும் மைக்ரோ ரியாக்டர் அந்தத் திசையில் போகிறது. அதன் பாதை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அண்டாவில் பொங்கல் கிண்டினால் அடி பிடிக்கும்போது மேலே வெந்திருக்காது. பெரிய தொட்டியிலும் வெப்பம் அப்படித்தான் சீராக இருக்காது. குறுகிய பாதையில் ஒவ்வொரு துளியும் சுவரை ஒட்டியே போவதால் வெப்பம் உடனே பரவும். ஆபத்தான பொருளும் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் உள்ளே இருக்கும். உற்பத்தியைக் கூட்ட, பாதையைப் பெரிதாக்காமல் பக்கத்தில் இன்னும் பல பாதைகளைச் சேர்க்கலாம்.

சிக்கல் ஒன்று இருக்கிறது, அடைப்பு. தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்து மூலப்பொருள்கள் நிறைய. சிட்டாகிளிப்டினுக்கே பாதிக்குப் பாதி வேறொரு கரைப்பான் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு துகள் படிந்தாலும் குழாய் நின்றுவிடும். அதனால் எல்லாப் படிகளையும் குழாய்க்குள் திணிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கரைசலாகவே ஓடும் படிகளை மைக்ரோ ரியாக்டருக்கு விடுவோம், திடப்பொருள் படியும் படிகள் தொட்டியிலேயே நடக்கட்டும். வணக்கம்.