கொல்கத்தாவின் பழைய கல்லறைகள்: எங்க போகணும், எதைப் பார்க்கணும்

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொல்கத்தா. பார்க் ஸ்ட்ரீட்னா கேக், கட்லட், கிறிஸ்துமஸ் லைட்டுன்னுதான் எல்லாரும் வீடியோ போடுவாங்க. அதே ரோட்டுக்கு ஒரு காலத்துல 'பரியல் கிரவுண்ட் ரோடு'ன்னு பேரு. ஊருக்கு வெளிய கிடந்த இடம். 1767-ல இங்க திறந்ததுதான் சவுத் பார்க் ஸ்ட்ரீட் இடுகாடு.

பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவுல இறங்கி கிழக்க நேரா நடங்க. மல்லிக் பஜார் முனைக்குக் கொஞ்சம் முன்னாடி வலது கைப்பக்கம் கேட். டிக்கெட் உண்டு, சில்லறை வெச்சுக்கங்க. பெரிய கேமரா கொண்டு போறவங்க கேட்லயே கேட்டுட்டு எடுங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம். மழைக்காலத்துல போனா செங்கல் மேல பாசி பிடிச்சு வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. கொசு எல்லா மாசமும் இருக்கும், முழுக்கை சட்டை நல்லது.

உள்ள வந்தாச்சு. ரெண்டு பக்கமும் பிரமிடு, ஊசிக்கோபுரம், தூண் வெச்ச மண்டபம். பார்த்ததும் கல்லுன்னு தோணும். கல்லறைன்னு பேருதான், கல்லு ரொம்பக் கம்மி. கங்கை கொண்டு வந்து கொட்டின வண்டல் பூமி இது, பக்கத்துல பாறையே கிடையாது. அதனால செங்கல்லு வெச்சுக் கட்டி, மேல சுண்ணாம்பு பூசி, கல்லு மாதிரி காட்டியிருக்காங்க. பேர் வெட்டின பலகை மட்டும்தான் பெரும்பாலும் கல்லு.

இதோ இந்த அடிப்பகுதியைக் கிட்ட காட்டுறேன். பூச்சு உதிர்ந்திருக்கா? உள்ள செங்கல் தெரியுது. அந்த இடுக்குல ஒரு அரசங்கன்னு. பறவை எச்சத்துல வந்த விதை. வேர் சுண்ணாம்புக்குள்ள நூல் மாதிரி இறங்கும், அப்புறம் தடிச்சு செங்கல்லையே பிளந்துடும். மேல வெட்டினா மறுபடி துளிர்க்கும். வேரை அப்படியே பிடுங்கினா அது பிடிச்சிட்டிருக்கிற செங்கல்லும் கூடவே வந்துடும். பார்க்கத்தான் அழகு, கட்டடத்துக்கு எமன்.

சாம்பல் கலர்ல வழவழன்னு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிற இடம் சிமெண்ட். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிய விடும், சிமெண்ட் விடாது. உள்ள மாட்டின தண்ணி பக்கத்துல இருக்கிற பழைய பூச்சு வழியா வெளிய வரும், உப்பு பூத்து அதுவும் பொடிப்பொடியா உதிரும். எனக்குக் கேட்டா, இடிஞ்சு கிடக்கிறதை விட சிமெண்ட் பூசினதைப் பார்த்தாத்தான் வயிறெரியுது.

எழுத்து மங்கலா இருந்தா சாக்பீஸ் தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. போன் டார்ச்சை நேரா அடிக்காம பலகையோட பக்கவாட்டுல, கிட்டத்தட்ட ஒட்டி வெச்சுப் பிடிங்க. வெட்டின பள்ளத்துல நிழல் விழும், தானா படிக்க முடியும்.

யாரைப் பார்க்கணும்? ரொம்ப உசரமான ஊசிக்கோபுரம் வில்லியம் ஜோன்ஸோடது. 1784-ல ஆசியாட்டிக் சொசைட்டியை ஆரம்பிச்சவர், 1794-ல இறந்தார். திருகினாப்ல மேல போற கூம்பு ரோஸ் எய்ல்மர், 1800-ல இருபது வயசுல போன பொண்ணு. 22 வயசுல காலராவுல இறந்த கவிஞர் டெரோஸியோவும் இங்கதான். தவறவே விடக்கூடாதது சார்லஸ் ஸ்டூவர்ட் சமாதி. கம்பெனிப் பட்டாளத்து மேஜர் ஜெனரல், இந்து வழக்கங்களைப் பின்பற்றினதால 'இந்து ஸ்டூவர்ட்'னே பேரு. 1828-ல இறந்தார். சமாதியே கோயில் மாதிரி, வாசல்ல சிற்பம் எல்லாம் இருக்கும்.

அங்கிருந்து மல்லிக் பஜார் முனைக்கு நடந்தா லோயர் சர்குலர் ரோடு இடுகாடு. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தா, காந்தியோட நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் ரெண்டு பேரும் இங்க. முதல்ல பார்த்தது மாதிரி அடக்கம் பண்றதை நிறுத்தின இடம் இல்ல இது, குடும்பங்க பூவோட வருவாங்க. அவங்க பக்கம் கேமரா திருப்பாதீங்க.

கடைசியா டல்ஹவுசி பக்கம் செயின்ட் ஜான்ஸ் சர்ச். 1787-ல கட்டி முடிச்சது. கல்லுக்குப் பஞ்சமான ஊரு இல்லையா, வங்காளத்தோட பழைய தலைநகரமான கௌர் நகரத்து இடிபாட்டுல இருந்து கல்லு கொண்டு வந்தாங்க. ஜனங்க 'பாத்துரே கிர்ஜா', கல்லு சர்ச்சுன்னே கூப்பிட்டாங்க. வளாகத்துக்குள்ள எட்டுப்பட்டை மண்டபம் ஒண்ணு, கொல்கத்தாவை நிறுவினவர்னு ரொம்ப காலம் சொல்லப்பட்ட கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட சமாதி. உள்ள இருக்கிற பலகையைக் கவனிங்க. கருஞ்சாம்பல் கலர், லேசா எண்ணெய் தடவின மினுமினுப்பு. நம்ம பல்லாவரம் கல்லு! மெட்ராஸ்ல இருந்து வந்தது. 1893-ல ஹாலண்ட்னு ஒரு புவியியலாளர் இதை ஆராய்ஞ்சு, சார்னாக் பேராலயே 'சார்னோகைட்'னு வெச்சார். திரிசூலம், பரங்கிமலைப் பக்கம் பார்க்கிற பாறையும் இந்த வகைதான்.

சர்ச் வளாகத்துக்கும் சின்ன கட்டணம் உண்டு. வேலை நாளா பார்த்துப் போங்க. வெளிய வந்ததும் ஆபீஸ் ஏரியா சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கும், ஞாயித்துக்கிழமைன்னா பாதிக்கு மேல ஷட்டர் போட்டிருக்கும்.