உப்புக்குள் இருக்கும் ஆற்றல் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது, குளோரின் அதை வாங்கக் காத்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு. பள்ளியில் பெரும்பாலும் இப்படித்தான் கேட்டிருப்போம். மாணவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை. ஏனென்றால், கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

வாயு நிலையில் தனித்தனியாக இருக்கும் சோடியம் அணுக்களிலிருந்து ஒவ்வோர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க மோலுக்கு, அதாவது வேதியியலில் அணுக்களை எண்ணப் பயன்படும் ஒரு பெரிய தொகுதிக்கு, 496 கிலோஜூல் செலவாகிறது. அதை ஏற்கும்போது குளோரின் வெளிவிடுவது 349 கிலோஜூல்தான். இதுதான் குளோரினின் எலக்ட்ரான் நாட்டம். தனிமங்களிலேயே மிக அதிகமான நாட்டம் இதற்குத்தான். அப்படியிருந்தும் 147 கிலோஜூல் நட்டம்! அப்புறம் எப்படி உப்பு உண்டாகிறது? எலக்ட்ரான் கைமாறியதும் ஒன்று நேர் அயனி, மற்றது எதிர் அயனி. இவை ஒன்றையொன்று இழுத்து, முப்பரிமாணத்தில் அடுக்கடுக்காகப் படிகமாகும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. உப்பை உண்டாக்குவது இந்த இழுப்புதான். அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுவதற்கும் காரணம் இதுவே.

சரி, எலக்ட்ரான் முழுதாகக் கைமாறாமல் இரண்டு அணுக்களுக்கும் பொதுவாக இருந்தால்? அங்கேதான் எலக்ட்ரான் கவர்தன்மை வருகிறது. நாட்டம் என்பது தனி அணுவில் அளக்கும் ஆற்றல். கவர்தன்மையோ, பிணைப்புக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லும் எண். 1932-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் இதைப் பிணைப்பு ஆற்றல்களிலிருந்து கணக்கிட்டார். அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில் ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. ஹைட்ரஜன் குளோரைடில் வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவு. அதனால் எலக்ட்ரான் சோடி குளோரின் பக்கம் சாய்ந்து நிற்கிறதே தவிர, முழுதாகப் போய்விடுவதில்லை.

இங்கே ஒரு புதிர். நாட்டத்தில் முதலிடம் குளோரினுக்கு, ஃபுளூரினுக்கு 328-தான். மிகச் சிறிய அணு என்பதால், ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை விலக்குகின்றன. ஆனால் கவர்தன்மையில் ஃபுளூரினை மிஞ்ச எதுவும் இல்லை. எப்படி?

1934-இல் இன்னொரு விஞ்ஞானியான ராபர்ட் முல்லிக்கன் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. புதிய எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. தன்னிடம் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளும் வலுவையும், அதாவது அயனியாக்கும் ஆற்றலையும் சேர்த்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும் என்றார். ஃபுளூரினின் அயனியாக்கும் ஆற்றல் 1681 கிலோஜூல், குளோரினுக்கு 1251. சராசரி எடுத்தால் ஃபுளூரினுக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல், குளோரினுக்குச் சரியாக 800. நாட்டத்தில் விட்ட 21 கிலோஜூலை, பிடித்துக்கொள்ளும் வலுவில் ஃபுளூரின் இருபது மடங்காகத் திரும்ப எடுத்துவிடுகிறது.

வணக்கம்.