ஆட வந்த அணி

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, ஒரே ஓர் அணியின் ஒரே ஒரு பருவத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். சிகாகோ லயோலா பல்கலைக்கழக ஆண்கள் அணியின் 1962-63 பருவம் அது. லயோலா என்றதும் நம்மில் பலருக்கு நுங்கம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். இதுவும் சேசு சபையார் நடத்தும் கல்வி நிலையமே. ஊர்தான் வேறு.

அந்தப் பருவத்தில் லயோலா 29 ஆட்டங்களில் வென்றது, இரண்டில் தோற்றது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கோப்பையும் அவர்களுக்கே. ஆனாலும் இறுதி ஆட்டத்தைவிட, அதற்கு எட்டு நாள் முன்பு நடந்த ஆட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பின மாணவர்களை அணியில் சேர்த்த கல்லூரிகள்கூட, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் அவர்களைக் களத்தில் இறக்குவதில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி அது. லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாண்ட் அதைத் தூக்கி எறிந்தார். அணித்தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸ், லெஸ் ஹன்டர், விக் ரவுஸ், ரான் மில்லர் என்று முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். ஐந்தாமவர் ஜான் ஈகன், சிகாகோக்காரர், வெள்ளையர். 1962 டிசம்பரில் வயோமிங் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து ஐந்து கறுப்பினத்தவர் ஒரே நேரத்தில் களத்தில் நின்றார்கள்.

இதற்கான விலையை ஆட்டக்காரர்களே கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் போனபோது வெள்ளையர்களுக்கு ஓட்டல், மற்றவர்களுக்குக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள். ஹூஸ்டனில் பார்வையாளர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஆடி ஜெயித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டென்னசி டெக் அணியை 111-42 என்று வென்றார்கள். அடுத்து வரவேண்டிய அணி மிசிசிப்பி ஸ்டேட். வருமா என்பதே கேள்வி.

மிசிசிப்பி ஸ்டேட் என்பது தென்பகுதி மாநிலமான மிசிசிப்பியின் ஒரு பல்கலைக்கழகம். வலுவான அணி. 1959-இல் பெய்லி ஹாவெல் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் ஆடிய காலத்தில் 24 வெற்றி, ஒரே தோல்வி. தென்கிழக்கு மாநாடு என்ற தங்கள் பகுதிப் போட்டியின் பட்டம் கையில். ஆனாலும் தேசியப் போட்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். கறுப்பின ஆட்டக்காரர்கள் உள்ள அணியோடு ஆடக்கூடாது என்பது அம்மாநிலத்தின் எழுதப்படாத கட்டளை. 1961-லும் 1962-லும் அதே கதை. நன்றாக ஆடிப் பட்டம் வாங்கி, தங்களைவிடக் கீழே முடித்த அணி போட்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஓர் ஆட்டக்காரனுக்கு எப்பேர்ப்பட்ட வேதனை!

1963-இல் நான்காவது முறையும் பட்டம் வந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் அதே மாநிலத்தின் இன்னொரு கல்வி நிலையமான மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்காகக் கலவரம் மூண்டு உயிர்கள் போயிருந்தன. ஆளுநர் ராஸ் பார்னெட் இனப் பிரிவினையில் விடாப்பிடியானவர். அப்படிப்பட்ட நேரத்தில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்ட், இந்த முறை அணி போகும் என்று அறிவித்தார். ஆட்டக்காரர்கள் ஆடத் துடித்தார்கள், மாணவர்களில் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போய், அணி மாநிலத்தை விட்டுப் போகத் தடை வாங்கினார்கள்.

தடை உத்தரவு கைக்கு வருமுன் கிளம்பிவிட வேண்டும். பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி முன்கூட்டியே மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். கோல்வர்டும் ஊரில் இல்லை. மறுநாள் காலை கண்துடைப்புக்கு முதலாண்டு மாணவர் அணியை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, உண்மையான அணியை விடுதியில் மறைத்து வைத்திருந்தார்கள். பிடிக்க யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சிறு விமானத்தில் நாஷ்வில், அங்கே பயிற்சியாளரோடு சேர்ந்து மிச்சிகன். பந்து விளையாடப் போவதற்கு இத்தனை பாடு.

1963 மார்ச் 15, மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங். ஆட்டம் தொடங்குமுன் நடுக்களத்தில் இரு அணித்தலைவர்களும் கை குலுக்க வேண்டும். ஜெர்ரி ஹார்க்னஸும் மிசிசிப்பியின் ஜோ டான் கோல்டும் கை நீட்டியதும் அரங்கெங்கும் கேமரா விளக்குகள் மின்னின. அந்த வெளிச்சத்தில்தான் இது வெறும் ஆட்டமல்ல என்று தனக்குப் புரிந்ததாக ஹார்க்னஸ் பின்னாளில் சொன்னார்.

எடுத்த எடுப்பில் மிசிசிப்பி ஏழு புள்ளி முன்னிலை. லயோலா நிதானமாக மீண்டு 61-51 என்று வென்றது. ஆட்டம் நாகரிகமாக நடந்தது. தகராறு இல்லை, வசவு இல்லை. மிசிசிப்பி ஆட்டக்காரர்கள் தோற்று ஊர் திரும்பியபோது கல்லெறிய அங்கே கூட்டம் காத்திருக்கவில்லை, வரவேற்கத்தான் நின்றது. மேலிருந்து மிரட்டியவர்கள் சொன்ன அளவுக்கு ஊர்ச்சனம் பகை கொண்டிருக்கவில்லை என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இனி இறுதி ஆட்டம். மார்ச் 23, லூயிவில் நகரம். எதிரே முந்தைய இரண்டு ஆண்டும் தொடர்ந்து கோப்பை வென்ற சின்சினாட்டி. அதிகப் புள்ளி குவிக்கும் அணிக்கும், புள்ளியே விடாத தடுப்பு அணிக்கும் மோதல். இரண்டாம் பாதியில் லயோலா 15 புள்ளி பின்தங்கியது. இத்தனை விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் 'ஷாட் கிளாக்' அப்போது கிடையாது. சின்சினாட்டி பந்தைக் கையில் வைத்தே நேரத்தைக் கரைக்கலாம். கரைக்கப் பார்த்தது. லயோலா முழுக்களத்திலும் நெருக்கிப் பிடித்துப் பந்தைப் பறித்தது. சில விநாடிகளே இருக்கும்போது ஹார்க்னஸ் போட்ட கூடையால் 54-54. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், ஹன்டர் எறிந்து தவறிய பந்தை விக் ரவுஸ் எட்டிப் பிடித்துக் கூடைக்குள் போட்டார். 60-58. அயர்லாண்ட் மாற்று ஆட்டக்காரர் ஒருவரைக்கூட இறக்கவில்லை. அதே ஐவர் 45 நிமிடமும் ஓடினார்கள்! இன்றைய பயிற்சியாளர் யாரும் இதற்குத் துணியமாட்டார்.

அன்று இரு அணியிலுமாகக் களமிறங்கிய முதல் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர்: லயோலாவில் நால்வர், சின்சினாட்டியில் மூவர். அதற்குப் பிறகு அந்த எழுதாத விதியை ஆட்டத்தின் பெயரால் நியாயப்படுத்த வழியே இல்லாமல் போனது.

மிசிசிப்பி ஸ்டேட் 1965-இல் முதல் கறுப்பின மாணவரான ரிச்சர்ட் ஹோம்ஸைச் சேர்த்துக்கொண்டது. அதன் கூடைப்பந்து அணிக்குள் கறுப்பின மாணவர்கள் வர எழுபதுகள் ஆயின. 2012 டிசம்பரில் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி மிசிசிப்பி ஸ்டேட் அணி சிகாகோவுக்கே வந்து லயோலாவோடு மீண்டும் ஆடியது. இம்முறை யாரும் யாரையும் ஒளித்துவைத்துக் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த 1963 லயோலா அணி முழுவதையும் கல்லூரிக் கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள்.

நன்றி, வணக்கம்.