தண்ணீர் கூப்பிட்டா வந்தோம்?

நடுவர் அவர்களுக்கும், கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கும் அம்மாமார், ஐயாமாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது நிலமும் நீருமா, மனிதர் செய்த வரலாறா? இதுதான் தலைப்பு. வரலாறே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் புவியியல் வாத்தியார். அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். பேசிய நேரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லைத்தான் தோண்டினார். மழைநீர் கல்லிடுக்கால் இறங்கிக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது, அந்த நன்னீர் தடிப்பாய் நிற்கும் வலிகாமத்துச் செம்மண்ணில் சனம் அடர்ந்தது, உவர் ஏறிய தீவுகளில் ஐதாயிற்று என்றார். கல்லும் உண்மை, தண்ணீரும் உண்மை. வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று காட்ட ஒன்றுமில்லாத இந்தக் குடாநாட்டில் கிணறு இல்லாமல் ஒருவரும் சீவிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, ஆள் இருக்கக்கூடிய இடம் எத்தனையோ. அதில் யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதல்லவா கேள்வி?

இந்தப் பட்டினத்தையே பாருங்கள். அரசர் இருந்தது நல்லூரில். 1619 இல் இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நல்லூரில் நிலைக்காமல் கடல்நீரேரிக் கரைக்கு வந்து கோட்டை கட்டினார்கள். அங்கே தண்ணீர் தித்தித்ததா? ஆளும் ஆயுதமும் கடலால் வந்து இறங்க வேண்டும், ஊர்ச்சனம் திரண்டு அடித்தால் அதே கடலால் ஓட வேண்டும், அவ்வளவுதான். 1658 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, ஐந்து மூலைக் கோட்டையாகத் திருப்பிக் கட்டினார்கள். கோட்டையை அண்டிக் கடைகளும் கந்தோர்களும் வந்தன, பிறகு ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். சனம் சேர்ந்தது, கிணறுகள் உவர்த்தன, கொண்டாவில் பக்கத்துக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குக் குழாயால் தண்ணீர் வந்தது. நீர்தான் தீர்மானித்தது என்றால் நகரமல்லவா கொண்டாவிலுக்குப் போயிருக்க வேண்டும்? நகரம் அசையவில்லை. 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் திறந்தாயிற்று. நானூறு வருடத்துக்கு முதல் பறங்கி தன் வசதிக்குத் தெரிந்தெடுத்த கரைக்கு நாங்கள் இன்னும் தண்ணீர் காவிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நகரத்தை விடுவோம். முன்னுக்கு இருக்கிற அம்மாவிடம் கேட்கிறேன்: உங்கடை வீடு ஏன் அந்தக் காணியிலை இருக்குது? 'அது எனக்குச் சீதனம் தந்த காணி, தம்பி.' அம்மாவின்ரை அம்மாவுக்கு? அவவுக்கும் சீதனம்தான். பார்த்தீர்களா, ஒரு வாத்தியாரும் தேவைப்படவில்லை. ஊரில் இருந்த இந்த வழக்கத்தை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமை என்று எழுதிவைத்தார்கள். அது இன்றும் எங்கள் சட்டம். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வளவு மூன்றாகும், மூன்று மாப்பிள்ளைமாரும் பெட்டி படுக்கையோடு பெண்வீட்டு வேலிக்குள் வந்து சேருவார்கள். பங்குக் காணியில் தன் பங்கை விற்க நினைப்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். வெளியார் லேசில் நுழைய முடியாது. ஒரே ஒழுங்கைக்குள் முழுப்பேரும் மச்சானும் மச்சாளுமாய் இருப்பது இப்படித்தான். எதிரணித் தலைவரும் கலியாணம் கட்டினவர்தானே? ஐயா, தாலி கட்ட முதல் மாமனாரின்ரை கிணத்துத் தண்ணியை வாயிலை விட்டா பார்த்தனீங்கள்? எத்தனை பரப்புக் காணி எண்டெல்லோ கேட்டிருப்பியள்!

சிரிக்கிறீர்கள். அடுத்ததைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வராது. நிலத்தடி நீருக்குச் சாதி தெரியாது, கிணற்றுக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஊரில், ஒரே சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே, ஒரு பகுதியார் தங்கள் கையால் அள்ள விடப்படாமல், யாராவது வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். சொந்தக் காணி இல்லாமல், பிறர் காணி ஓரத்தில் கொட்டில் போட்டு இருந்தவர்களை அங்கே இருத்திய மண்வகை எது என்று வாத்தியார் தன் வரைபடத்தில் காட்டட்டும்.

இனி 1990. அந்த வருடம் ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் இருந்த சோனகதெருவில் கிணறு வற்றியதா? மண் மலடாயிற்றா? ஒன்றுமில்லை. அந்தச் சனத்தில் பெரும்பகுதி புத்தளத்தில் போய்க் குடியேறியது. எந்த நீர்வளப் படத்திலும் இதற்குக் காரணம் கிடையாது. அதே வருடம் போரால் வலிகாமம் வடக்கும் பெயர்ந்தது. கட்டுவன் செம்மண்ணைவிடத் திறமான மண் எங்கே இருக்கிறது? மயிலிட்டியைப்போல ஒரு மீன்பிடித் துறை? எதிரணி புகழ்ந்த அதே மண் இராணுவ வேலிக்குள் பற்றையாய்க் கிடக்க, அதன் சொந்தக்காரர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம் கொட்டில்களில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 இல். விடுபட்ட இடங்களுக்குப் போனவர்கள் காணி உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லைக்கல்லைத்தான் முதலில் தேடினார்கள்.

எதிரணியின் பலமான சாட்சி தீவகம். புங்குடுதீவில் தண்ணீர் உவர்த்தது, சனம் வெளிக்கிட்டது என்றார்கள். நல்ல வாதம், ஊரை விட்டுக் கிளப்பியதில் உப்புக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெளிக்கிட்ட சனம் நல்ல தண்ணீர் தேடிப் பக்கத்து வலிகாமத்தோடு நின்றதா? கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் போனார்கள். பிறகு பாரிஸ், பிறகு கனடாவில் ஸ்காபரோ. ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊரில் எங்கள் சனம் ஏன் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறது? முதலில் போனவர் அங்கே இருந்தார், அவர் தம்பியைக் கூப்பிட்டார், தம்பி மச்சானைக் கூப்பிட்டார். உப்பு ஆளைக் கிளப்பியிருக்கலாம், எங்கே போய் இருக்கிறது என்று உப்புச் சொல்லவில்லை. அதற்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, வணக்கம்.