பத்து சென்ட் இடம், நடுவுல ஒரு பழைய வீடு: என்ன விலை கொடுக்கலாம்?

[காட்சி: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தெரு. இரும்புக் கேட், ஒரு வேம்பு, தட்டோடி போட்ட சின்ன வீடு. புறவாசல் தாண்டி நீளமா வெறும் இடம்.]

வணக்கம். திருநெல்வேலியில டவுன், பாளை, பெருமாள்புரம்னு எங்க பார்த்தாலும் இந்த மாதிரி ஒண்ணு விலைக்கு வந்துக்கிட்டே இருக்கு. இடம் 10 சென்ட். வீடு 800 சதுர அடி, கட்டி 50 வருஷம். விக்கிறவங்க, "வீடும் இருக்குல்லா, அதுக்கும் சேர்த்துத்தான் கேக்கோம்"பாங்க. வாங்குறவங்க, "இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குத் துட்டு"ம்பாங்க. ரெண்டு பேச்சும் பாதிதான் சரி. வீட்டோட விலை கொஞ்சந்தான். ஆனா அந்த மண்ணு மேல 50 கோடையும் 50 மழையும் பார்த்த வீடு அது. கொத்தனார் உடைக்க வர்றதுக்கு முன்னாடி அதைப் படிச்சிரணும்.

முதல்ல டேப்பை எடுங்க. ஒரு சென்ட்னா 435.6 சதுர அடி. 10 சென்ட் 4,356. இதே 10 சென்ட் ரெண்டு விதமா வரும்.

[வரைபடம்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மனை. ஒண்ணு 66-க்கு 66. இன்னொண்ணு 33-க்கு 132.]

ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, ஒரே 4,356தான். ஆனா ரெண்டும் ஒரே விலை இல்ல. சதுரமா இருக்கிறதை நடுவுல பிரிச்சா, ரோட்டைப் பார்த்தே 33-க்கு 66ல ரெண்டு மனை. ஒவ்வொண்ணும் 2,178 சதுர அடி. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் ப்ளஸ் ஒரு மாடின்னா சுயசான்று முறையில ஆன்லைன்ல அனுமதி எடுத்துக்கலாம். முறைப்படி பிரிச்ச மனை அந்த வரம்புக்குள்ள வந்திரும். முழு 10 சென்ட் வராது.

நீள மனையைப் பிரிக்கணும்னா பின்னாடி இருக்கிறவனுக்கு வழி விடணும். 10 அடி அகலத்துல 66 அடி நீளத்துக்கு விட்டா 660 சதுர அடி, ஒன்றரை சென்ட் பாதையிலேயே போச்சு. முன்மனை 23 அடி அகலமாச் சுருங்கிரும். ரெண்டு பக்கமும் காலியிடம் விட்டா மிச்சத்துல பட்டாசல், அதான் கூடம், போடுறதா, படி போடுறதா?

அதனால நீள மனைக்கு மதிப்பீட்டாளர்கள் பட்டை போட்டுப் பார்ப்பாங்க. ரோட்டு ஓரப் பட்டைக்கு முழு விலை, அடுத்ததுக்கு மூணுல ரெண்டு பங்கு, கடைசிக்குப் பாதி. 132 அடியை 44, 44, 44னு சமமாப் பிரிச்சா ஒவ்வொரு பட்டையும் 3.33 சென்ட். மதிப்புல பார்த்தா 3.33, 2.22, 1.67. கூட்டினா 7.22 சென்ட். பட்டை ஆழத்தை ஆளுக்கொரு மாதிரி வைப்பாங்க, அதனால தொகை கொஞ்சம் ஏறும் இறங்கும். கணக்குக்காக சென்ட் 10 லட்சம்னு வைங்க. சதுர மனை 1 கோடி. நீள மனை 72 லட்சம் சொச்சம். தரகர் ரெண்டுக்கும் "சென்ட் இவ்வளவு"ன்னு ஒரே வாயாத்தான் சொல்வார்.

இப்ப வீடு. இதே அளவு வீடு இன்னைக்குச் சாதாரணமாக் கட்ட சதுர அடி 2,000 ரூபாய்னு வைங்க, இதுவும் உதாரணந்தான். 16 லட்சம். ஆயுசு 60 வருஷம், கடைசியில உடைசல் மதிப்பு 10 சதவீதம் மிஞ்சும். 50 வருஷத் தேய்மானம் 90 சதவீதத்துல அறுபதுக்கு அம்பது, அதாவது 75 சதவீதம். மிச்சம் 25 சதவீதம், 4 லட்சம். வீட்டுக்குன்னு 15 லட்சம் கேட்டா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

[காட்சி: உள்ளே. சுவரோட அடிப்பாகம், டார்ச் வெளிச்சம்.]

இனிமே வீட்டைப் படிப்போம். தரையில இருந்து ரெண்டு, மூணு அடி உயரத்துல சுவரைப் பாருங்க. ஈரம் அடியில இருந்து ஏறியிருந்தா கறை மேடும் பள்ளமுமா இருக்கும், உப்புப் பூத்து பூச்சு உதிரும். வெள்ளம் நின்ன கோடு அப்படி இருக்காது. அடுக்களையில எந்த மட்டமோ படுக்கிற அறையிலயும் அதே மட்டம், ரசமட்டம் பிடிச்ச மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 மழையில ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் தண்ணி ஏறுச்சு. ஆத்தோரமும் கால்வாய் ஓரமும் இருக்கிற வீட்டுல இந்தக் கோட்டைக் கட்டாயம் தேடுங்க. புதுசா வெள்ளையடிச்சிருந்தாலும் கதவு நிலையோட அடிப்பாகம் உப்பியிருக்கும், ஸ்விட்ச் போர்டு மட்டும் நெஞ்சு உயரத்துக்கு மேல ஏறியிருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா விரல் வச்சே காட்டிருவாங்க.

அடுத்தது வெடிப்பு. ஜன்னல் மூலையில இருந்து சாய்வாப் போற வெடிப்பு மேல அகலமா, கீழ ஒடுங்கி இருந்தா வீட்டோட ஓரம் இறங்கியிருக்கு. கீழ அகலமா இருந்தா நடுப்பகுதி இறங்கியிருக்கு. கரிசல் மண்ணுன்னா இன்னொரு வேலை செய்யும். சித்திரையில விரல் நுழையுற வெடிப்பு கார்த்திகையில மூடிக்கிடும். வெடிப்போட ரெண்டு நுனியிலயும் பென்சிலால தேதி போட்டு வைங்க, குறுக்க ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்ட் வச்சு ஒட்டுங்க. கண்ணாடி உடைஞ்சா மண்ணு இன்னும் அசையுது. அப்ப நீங்க கட்டப்போற வீட்டுக்கு வானம், அதான் அஸ்திவாரக் குழி, ஆழமாத் தோண்டணும், செலவு அங்கேயே ஏறிரும். சரளைக்கல்லு, சுக்கான் பாறை தட்டுற இடம்னா அஸ்திவாரக் கவலை குறைவு. ஆனா செப்டிக் டேங்க் குழி எடுக்க பிரேக்கர் வரணும்.

கிணறு இருந்தா கோடையில எட்டிப் பாருங்க. எந்த ஆழத்துல மண்ணு முடிஞ்சு பாறை ஆரம்பிக்குதுன்னு கிணத்துச் சுவரே காட்டிரும்.

இப்ப அண்ணாந்து பாருங்க. தேக்குக் கட்டை வரிசை, அது மேல சின்னச் செங்கலைச் செங்குத்தாச் சாய்வா அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லிக் காரை போட்டு அடிச்சு, மேல தட்டோடு பதிச்ச கூரை. கட்டை நடுவுல நல்லாத்தான் இருக்கும். கெடுறது சுவருக்குள்ள புதைஞ்ச முனை. மழைத்தண்ணி அங்க இறங்கி ஊறும், செல்லு, அதான் கரையான், ஏறும். திருப்புளியை முனைகிட்ட வச்சு அழுத்துங்க. அரை அங்குலம் இறங்குச்சுன்னா அந்தக் கட்டை போச்சு. ஒழுக்கை நிறுத்துறேன்னு மேல ரெண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டிருக்காங்களான்னும் ஏறிப் பாருங்க. 800 சதுர அடிக்கு அது 133 கன அடி, எடை 9 டன். அந்தக் கட்டைங்க அதைச் சுமக்கப் போட்டதில்ல.

நல்ல கட்டையை உடைப்புக்காரர் கையில சும்மா விடாதீங்க. 10 அடி நீளம், 5 அங்குலம் உயரம், 3 அங்குலம் கனம்னா ஒரு கட்டை ஏறக்குறைய ஒரு கன அடி. 30 கட்டைன்னா 31 கன அடித் தேக்கு. நிலை, கதவு, ஜன்னல் தனி. எண்ணி எழுதி வச்சிட்டு, அப்புறம் உடைப்புக் கூலி பேசுங்க.

ரோட்டு மட்டத்தையும் பார்த்துக்கிடுங்க. தார் மேல தார் போட்டு ரோடு உசந்து, திண்ணை பள்ளத்துல கிடக்கும். 2 அடி மேடாக்க 4,356 சதுர அடிக்கு 8,712 கன அடி மண்ணு. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக 87 யூனிட். அமுங்குறதுக்கு அஞ்சுல ஒரு பங்கு கூட்டினா 105. மூணு யூனிட் டிப்பர்னா 35 நடை. இந்தச் செலவை வீட்டு விலையில கழிங்க. பல நேரம் வீடு மைனஸ்ல போய் நிக்கும்.

பத்திரத்துல மூணு விஷயம் மட்டும் சொல்றேன், மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கிடுவார். ஒண்ணு, அடிமனை. கோயிலைச் சுத்தி இருக்கிற பழைய தெருக்கள்ல வீடு ஒருத்தர் பேர்ல, அடியில மண்ணு கோயில் பேர்ல இருக்கலாம். வீட்டு வரி ரசீது இருக்கிறதால மண்ணு அவருக்குச் சொந்தம்னு ஆகாது. ரெண்டு, விக்கிறவரோட அக்கா தங்கச்சிங்க. பூர்வீகச் சொத்துல, இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தத்துக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த பிள்ளைக்கும் சமபங்கு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவான பாகப்பிரிவினை இல்லைன்னா, எல்லாரும் விக்கிரயத்துல கையெழுத்துப் போடணும், இல்ல தங்களோட பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும். மூணு, பத்திரத்துல வீட்டை மறைச்சு வெறும் மனைன்னு எழுதச் சொன்னா ஒத்துக்காதீங்க. வீட்டு மதிப்பு 4 லட்சத்துக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்னா 36,000தான். அதை மிச்சம் பிடிக்கப்போய் பத்திரம் நேராய்வுல, அதான் அதிகாரிங்க நேர்ல வந்து பார்க்கிறதுல, மாட்டிக்கிட்டுக் கிடக்கும்.

கடைசியா அளவு. பத்திரத்துல கீழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடின்னு இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டுல சதுர மீட்டர், 10 சென்ட்னா 405. மூணாவது, நீங்க டேப் பிடிச்ச அளவு. நாலு பக்கத்தோட ரெண்டு மூலைவிட்டமும் அளங்க. மூணும் ஒத்துப்போறது அபூர்வம். அதனால அட்வான்ஸ் கொடுக்கிற அக்ரிமெண்ட்ல மொத்தத் தொகையைப் போடாம, "சர்வேயர் அளந்து வர்ற சென்ட்டுக்கு இன்ன விலை"ன்னு எழுதுங்க. நம்ம நீள மனையில பக்கத்து வீட்டு காம்பவுண்டு 2 அடி உள்ள வந்திருந்தா 132 அடிக்கு 264 சதுர அடி, 0.6 சென்ட். சென்ட் 7.22 லட்சம்னு பார்த்தாலும் 4 லட்சத்தைத் தாண்டிருது. இவ்வளவு நேரம் தட்டிப் பார்த்தோமே, அந்த மொத்த வீட்டோட விலை அது.