விரல் நுனி அறிந்த பலகை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே, அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'கைபேசியில் எழுதும் பழக்கத்தை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தது பொத்தான் பலகையா, தொடுதிரையா?' என்பது இன்றைய தலைப்பு. பொத்தான் பலகையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ஓர் எழுத்துக்காக ஒரே பொத்தானை நான்கு முறை அழுத்திய காலம் துன்பக் காலம் என்றார். அந்தப் பலகைதான் தமிழை ஆங்கில எழுத்துக்குள் அடைத்தது என்றும் சொல்லி அமர்ந்தார். இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது; அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன். நான்கு முறை அழுத்திய அந்த விரல் யாருடையது என்று முதலில் பார்ப்போம்.

என் தந்தையார் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்துக்குள் ஒருமுறையேனும் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அழைப்பு வந்தால் எடுத்துப் பயனில்லை என்பதால், இரவுப் பணி நாட்களில் எங்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் குறுஞ்செய்தியாகவே போய் வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், இழை அறுகிறதா என்று தறியின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் எங்களுக்கு எழுதி அனுப்புவார். பலகையை அவர் பார்த்ததே இல்லை.

அது எப்படி முடிந்தது என்றால், 5 என்ற பொத்தானின் மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். விரல் அதைத் தடவி அறிந்துவிட்டால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6 என்று மற்றவை தாமாகவே பிடிபட்டுவிடும். 2 முதல் 9 வரை ஒவ்வொரு பொத்தானிலும் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும்; எத்தனையாவது எழுத்தோ அத்தனை முறை அழுத்த வேண்டும். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று எழுத 2, 6, 6, 2 என்று நான்கே அழுத்தங்கள் போதும். ஆனால் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே விரல் சற்றுப் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் அழுத்தினால் இரண்டு 'எம்' விழ வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 'என்' விழுந்துவிடும். 'அப்பா'வுக்கும் அப்படித்தான்: 2, 7, சிறு பொறுமை, 7, 2. வாயால் ஒற்றெழுத்தை அழுத்திச் சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அந்த விரலும் எடுத்துக்கொண்டது. இதைத் துன்பம் என்று எதிரணியினர் சொல்லலாம். எழுத்தைக் கைப்பழக்கமாக ஆக்கிய பயிற்சி என்று நான் சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பிய முதல் குறுஞ்செய்தி கணினியில்தான் தட்டச்சு செய்யப்பட்டது. செய்தியைப் பெறத் தெரிந்த கைபேசிக்கு அன்று எழுதி அனுப்பத் தெரியாது. எண்களை அழைப்பதற்காக வைத்த பொத்தான்களே பிறகு எழுதும் கருவியாகவும் மாறி அந்தக் குறையைத் தீர்த்தன. 2003இல் வந்த நோக்கியா 1100 என்ற ஒரு வகை மட்டும் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச் விளக்கோடு வந்த அந்தக் கைபேசி வயலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் தறிக்கூடத்துக்கும் போனது. தொடுதிரை நம் தெருவுக்கு வந்தபோது நம் மக்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு செய்தியையும் அவை அறிய வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரே அழுத்தம் போதும், சொல்லை நானே ஊகிக்கிறேன் என்று வந்த டி9 முறையின் வேர், உடலை அசைக்க முடியாத மாற்றுத்திறனாளிகள் கண்ணசைவால் எழுத வேண்டும் என்று செய்த முயற்சியில் இருக்கிறது. எட்டுத் திசைப் பார்வைக்காகப் பிறந்த எண்ணம் எட்டுப் பொத்தான்களுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது அந்தக் கனமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ழகரத்தை ஆங்கில எழுத்தில் எழுத ஒன்பதை நான்கு முறையும் நான்கை இரண்டு முறையும் அழுத்தினோம் என்பது உண்மை. எனக்கும் அது வலித்தது. ஆனால் அந்தக் குற்றத்தைப் பொத்தானின் தலையில் கட்டுவது நியாயமா? ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும், தமிழுக்கு 70தான் என்ற வரம்பு செய்தி செல்லும் உறையின் அளவால் வந்தது. தொடுதிரையில் எழுதினாலும் அதே உறைதான். கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் 'வணக்கம்' அந்தக் கணக்கில் ஏழாகிறது, ஏனென்றால் புள்ளியையும் தனியாக எண்ணுகிறார்கள். 247 எழுத்தைப் பொத்தானில் எப்படி அடைப்பது என்று நண்பர் கேட்டார். முதலெழுத்து முப்பதுதானே ஐயா! உயிர் 12, மெய் 18. உயிர்மெய் இவற்றின் சேர்க்கையில் பிறக்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு எட்டுப் பொத்தான்கள் போதுமென்றால், நம் முப்பதுக்கும் அவற்றில் இடமுண்டு. இடம் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016இல் ஐஎஸ் 16333 தரத்தின் வழியாக, கைபேசிகளில் இந்திய மொழிகளை வாசிக்கவும் எழுதவும் வசதி வேண்டும் என்று வகுத்தபோது, பொத்தான் கைபேசிகளையும் சேர்த்தே வகுத்தது. பொத்தானில் தமிழ் முடியாது என்றால் அந்த விதி எதற்காக?

வாயால் சொன்னால் திரை எழுதிவிடுமே என்றும் கேட்பார்கள். தறிக்கூடத்தின் இரைச்சலில் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

சர்க்கரை நோயால் என் தந்தையாரின் பார்வை மங்கியபோது, நல்லதென்று நினைத்துத் தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல் அவருடைய கட்டைவிரல் மேடு எங்கே என்று தேடித் தேடி வழுக்கியது. மூன்றாம் நாள், "பழசையே குடு சாமி" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிரவு வெளியூரில் இருந்த எனக்கு, எழுத்துப் பிழையில்லாமல் செய்தி வந்தது.

நடுவர் அவர்களே, அந்தக் கைபேசியை இன்று எடுத்து வந்திருக்கிறேன். இதோ தங்கள் மேசை மீது வைக்கிறேன். தீர்ப்பு எழுதுவதற்கு முன் கண்ணை மூடி, மேடு இருக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்து, 'அம்மா' என்று ஒருமுறை எழுதிப் பார்க்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.